கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவோம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் தருவது. மற்றொன்று பட்டாசு அறையில் கலப்பது. இந்த இரண்டாவது மருந்தைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எதை எதோடு சேர்த்தால் பற்றும், எவ்வளவு அழுத்தினால் வெடிக்கும் என்பது அவர்களுடைய கைக்கே தெரியும். ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றித்தான் நாம் கேள்வி கேட்பதில்லை. "டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொள்கிறோம்.

குழப்பம் தரும் இன்னொரு சொல் 'பரிசோதனை'. ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும் பரிசோதனை. இன்னும் உறுதியாகாத ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதையும் பரிசோதனை என்றே எழுதுகிறார்கள். முதலாவது நமக்காகச் செய்வது. இரண்டாவது நம்மை வைத்து எல்லோருக்காகவும் செய்வது. இந்த வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் இந்நாட்டில் ஏராளம். அவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் உண்டு. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, இரண்டாவதை இந்தப் பத்தியில் 'மருந்துச் சோதனை' என்றே சொல்வோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தகப்பனார் இளவயதில் பல ஆண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்து, துளையிட்டு, கூரை போட்டவர். அறுபதைத் தாண்டிய பிறகு மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் நீர் கோக்கிறது. காசநோயாக இருக்கும் என்று மாத்திரை சாப்பிடுகிறார், குறையவில்லை. கடைசியில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து 'மீசோதீலியோமா' என்கிறார்கள். புதிய மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று வேறொரு ஊர் மருத்துவமனையிலிருந்து கேட்கிறார்கள். மருந்து இலவசம். பல பக்கங்கள் கொண்ட படிவத்தை நீட்டுகிறார்கள். மகள் பட்டாசு ஆலையில், மகன் கல்லூரியில். இவர்கள் எதை வைத்து முடிவெடுப்பது? இது நாம் எண்ணிப் பார்க்கும் குடும்பம்தான். ஆனால் நம் மாவட்டத்தில் எந்தத் தெருவிலும் இது நடக்கலாம்.

நம் கூரைக்கு மேலே இருப்பது

மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். சிலருக்கு வயிற்று உறையிலும் வரும். இதற்கு முதன்மையான காரணம் ஆஸ்பெஸ்டாஸ் நார். பட்டாசு மருந்துக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசி மூச்சோடு உள்ளே போனால் நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். இருபது வயதில் இழுத்த மூச்சுக்கு அறுபது வயதில் கணக்கு வரும். அதற்குள் வேலை கொடுத்த மேஸ்திரியும் இருக்கமாட்டார், வருகைப் பதிவேடும் இருக்காது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது. ஓலைக் கூரை எரிந்தபோதும் புயலில் பறந்தபோதும் நம் காலனிகளில் அதற்குப் பதிலாக ஏறியது பெரும்பாலும் இந்த ஷீட்தான். ஏற்றும்போது அறுத்தவரும், உடைந்தபோது குப்பையில் அள்ளியவரும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஷீட் உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும்தான் நார் பறக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் சிமெண்ட் ஆலையோடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தயாரிப்புப் பிரிவையும் அமைத்தது இங்குள்ள ஆலங்குளத்தில்தான். அங்கு வேலை பார்த்தவர்களுக்கு நோய் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தேடிப் பார்க்க வேண்டும் என்கிறோம். அது நம் ஆசை மட்டுமல்ல. 1995 ஜனவரி 27-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டு 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது.

தினக்கூலிக்குக் கூரை போட்டவருக்கு இந்தப் பதிவேடு கிடையாது. ஆகவே நம்மவர்களிடம் இந்த நோய் வந்தாலும் அது மீசோதீலியோமா என்று பெயர் பெறாமலே போகக்கூடும். பெயர் தெரியாவிட்டால் இழப்பீடும் இல்லை, சரியான சிகிச்சையும் இல்லை.

சோதனை என்றால் விடை தெரியாது என்று பொருள்

அந்தக் குடும்பத்திடம் நீட்டிய படிவத்துக்கு வருவோம். மருந்துச் சோதனையைப் பற்றி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: புதிய மருந்து பழையதைவிட நல்லதா என்பது கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனையே தேவைப்படாது. பெரும்பாலான பெரிய சோதனைகளில் யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கணினி முடிவு செய்யும். சேர்ந்துவிட்டால் புதிய மருந்து கட்டாயம் கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை.

மீசோதீலியோமாவிலேயே இதற்கு இரு பக்கமும் சான்று இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சிஸ்பிளாட்டின் மருந்தோடு பெமட்ரெக்செட் சேர்த்துக் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாக உயர்ந்தது. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருள். 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இரு மருந்துகள் பெற்றவர்கள் 18.1 மாதமும், வழக்கமான கீமோ பெற்றவர்கள் 14.1 மாதமும் வாழ்ந்தார்கள். சோதனையில் சேர்ந்த நோயாளிகள் இல்லாமல் இந்த முன்னேற்றம் வந்திருக்காது.

இப்போது மறுபக்கம். நுரையீரல் உறையைப் பெரிய அறுவை செய்து அகற்றினால் கூடுதல் காலம் வாழலாம் என்று அறுவை நிபுணர்கள் பலர் நீண்டகாலம் நம்பியிருந்தார்கள். பிரிட்டனில் 335 பேரை வைத்து அதைச் சோதித்துப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கீமோவோடு அறுவையும் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம். அறுவை இல்லாமல் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 24.8 மாதம். கூடுதல் சிகிச்சை குறைந்த வாழ்நாளையும் அதிகத் துன்பத்தையும் தந்தது. 'புதியது', 'பெரியது', 'வெளிநாட்டு மருந்து' என்ற சொற்களைக் கேட்டு நாம் மயங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த எண்களில் இன்னொன்றும் தெரிகிறது. இந்த நோயில் பேசுவது மாதக் கணக்கு. குணமாகும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரை நம்ப வேண்டாம். அதே நேரம், நான்கு மாதம் என்பது மகள் திருமணத்தைப் பார்க்கும் நாளாகவும் இருக்கலாம். அதன் மதிப்பை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று

மருந்துச் சோதனை என்றாலே நம்மை எலியாக்குவதுதான் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. தமிழ்நாட்டிலேயே இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல உணவும் ஓய்வும் பெற்றால்தான் பிழைக்கலாம் என்பது நம்பிக்கை. ஏழைக்கு அந்தப் படுக்கை கிடைக்காது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், மறு பிரிவுக்கு வீடு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து. நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானதும் உலகம் காசநோய் மருத்துவத்தையே மாற்றிக்கொண்டது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வீட்டில் சாப்பிடுகிறோமே, அதற்குப் பெயர் தெரியாத அந்த ஏழைகளும் காரணம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய ஆய்வு வேறு வகை. கருப்பைவாய்ப் புற்றை நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தே செவிலியர்கள் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. 30 முதல் 59 வயதுக் கிராமப் பெண்கள். 49,311 பேர் இருந்த பிரிவுக்கு அந்தப் பரிசோதனை வாய்ப்பைத் தந்தார்கள். 30,958 பேர் இருந்த பிரிவுக்குத் தரவில்லை. அவர்களுக்கு 'வழக்கமான கவனிப்பு'. 2007-இல் வெளியான முடிவு: பரிசோதனை வாய்ப்புப் பெற்ற பிரிவில் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

நல்ல முடிவுதான். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை நடப்பதற்கு அதுவும் ஓர் அடித்தளம். ஆனால் திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பை ஆகிய மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளில், பரிசோதனை கிடைக்காத பிரிவுகளில் இருந்த 1,38,624 பெண்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றால் இறந்தார்கள் என்ற கணக்கு பின்னர் மருத்துவ அறநெறி இதழ்களில் பெரிய விவாதமானது. இந்தியாவில் அப்போது முறையான பரிசோதனைத் திட்டமே இல்லை, இருந்ததை நாங்கள் பறிக்கவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். பரிசோதனை உயிர் காக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு ஏழைப் பெண்களைச் சும்மா விட்டுப் பார்த்தது ஏன் என்றார்கள் விமர்சகர்கள்.

நமக்கு இதில் பாடம் 'வழக்கமான கவனிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. பணக்கார ஊரில் வழக்கமான கவனிப்பு என்றால் நல்ல சிகிச்சை. காலனியில் வழக்கமான கவனிப்பு என்றால் பல நேரம் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யை அளவுகோலாக வைத்தால் எந்தச் சோதனையும் நியாயமாகத்தான் தெரியும். சென்னையில் இரு பிரிவுக்கும் மருந்து கிடைத்தது. திண்டுக்கல்லில் ஒரு பிரிவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சேருமுன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: சீட்டு எனக்கு எதிராக விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

இந்தூரும் கம்மமும் சொல்வது

மத்தியப் பிரதேசம் இந்தூரில் நடந்ததை 2012-இல் பிபிசி ஒளிபரப்பியது. நெஞ்சுவலி வந்த மூதாட்டியைத் தலித் குடும்பம் ஒன்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. எப்போதும் வரிசையில் காக்க வைக்கப்படும் தங்களுக்கு அன்று உடனே கவனிப்புக் கிடைத்தது, 1.25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டு மருந்து இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள் என்றது குடும்பம். அது மருந்துச் சோதனை என்று தங்களிடம் சொல்லவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை என்றார்கள். சில வாரங்களில் அவர் இறந்தார். மருந்துதான் காரணமா என்பது தெளிவாகவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. காலமெல்லாம் காக்க வைக்கப்பட்டவருக்கு ஒருநாள் கிடைக்கும் மரியாதையே பெரிய தூண்டிலாகிவிடுகிறது.

இந்தூரின் சுவாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2005 முதல் 2012 ஜூன் வரை 475 புதிய மருந்துச் சோதனைகளில் 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 சாவுகள் சோதனையால் நேர்ந்தவை என்றும் மத்திய அரசே நீதிமன்றத்தில் சொன்னது. மற்றவர்கள் நோயால் இறந்தவர்கள் என்பது அரசின் விளக்கம்.

ஆந்திரத்தின் கம்மத்தில் 2009-இல் பழங்குடி விடுதி மாணவியர் உட்பட ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் தந்த அறிக்கையின்படி 2,763 ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். தடுப்பூசி தவறல்ல. அது இன்று உலகம் பரிந்துரைக்கும் தடுப்பூசி. ஒப்புதல் வாங்கிய முறைதான் தவறு. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வார்டன் உங்கள் வருகையைக் குறிக்கலாம். உங்கள் உடம்புக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது.

நம் பகுதியில் கையெழுத்துக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. முன்பணம் வாங்கும்போது கையெழுத்து, கடன் சீட்டில் கைநாட்டு. போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதே நாம் கற்றது. மருந்துச் சோதனையில் சட்டம் நேர் எதிர். போட்ட கையெழுத்தை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. இதை நம் மக்களில் எத்தனை பேர் அறிவோம்?

சட்டம் தருவதும் தராததும்

உச்ச நீதிமன்ற வழக்கின் அழுத்தத்தில் விதிகள் மாறின. இப்போது நடப்பில் இருப்பது 2019 மார்ச் 19 அன்று வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள். அவை சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

விவரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்தாகவும் வாயாலும் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் நோயாளிக்குத் தர வேண்டும். புத்தம் புதிய மூலக்கூறு மருந்தானால், நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். உடலுக்குக் கேடு வந்தால், அது சோதனையால் அல்ல என்று நிறுவப்படும்வரை மருத்துவம் இலவசம். கடுமையான கேட்டை 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மேலே தெரிவிக்க வேண்டும். சோதனையால் ஊனமோ சாவோ நேர்ந்தால் இழப்பீடு. உரிய சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் விட்டதால் கேடு வந்தாலும் இழப்பீடு உண்டு. திண்டுக்கல் கேள்விக்கு ஓரளவு விடை இந்த விதியில் இருக்கிறது.

இழப்பீட்டுக் கணக்கை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதும் நோயின் கடுமையும் சேர்ந்த சூத்திரத்தால் பெருக்குகிறார்கள். கூலி கணக்கில் வராது. பட்டாசுத் தொழிலாளிக்கும் அதிகாரிக்கும் ஒரே கணக்கு என்பது நல்லதுதான். ஆனால் 65 வயதில் ஆரோக்கியமாகச் சேர்ந்தவர் சோதனையால் இறந்தால் 32 லட்சம். அதே வயதில், ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று கணிக்கப்பட்ட நோயாளி இறந்தால் 4 லட்சம். ஆறு முதல் இருபத்துநான்கு மாதம் என்றால் 8 லட்சம். மீசோதீலியோமா நோயாளிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வரிசையில்தான் வருவார்கள். எந்த வரிசை என்று யார் எழுதுகிறார்கள் என்பதைக் குடும்பம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர். பாதிப்பேர் வெளியார். ஒரு பெண், ஒரு சட்ட அறிஞர், மருத்துவம் சாராத ஒரு சாதாரணக் குடிமகன் இருக்க வேண்டும். நோயாளிகள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்களோ அந்தச் சமூகத்தவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அந்தச் சாதாரணக் குடிமகனின் நாற்காலி ஓய்வுபெற்ற பெரிய மனிதருக்கே போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. நம் படித்த இளைஞர்கள் கேட்டு வாங்க வேண்டிய இடம் அது.

படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்? அன்றே கையெழுத்திட வேண்டிய அவசியம் இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். கல்லூரி மகன் சத்தமாகப் படிக்கட்டும். மறுநாள் இந்தக் கேள்விகளோடு போகலாம்:

1. இது மருத்துவமா, மருந்துச் சோதனையா? இது எத்தனையாவது கட்டம்? முதற்கட்டம் என்றால் மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பது. நோய்க்குப் பலன் கிடைப்பது அதன் முதல் நோக்கம் அல்ல.

2. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை உண்டு? அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா? இ.எஸ்.ஐ.-இல் வருமா?

3. சேர்ந்து, புதிய மருந்து எனக்கு விழாவிட்டால் என்ன தருவீர்கள்?

4. எத்தனை முறை வர வேண்டும்? பஸ் கட்டணமும், உடன் வருபவருக்கு இழக்கும் கூலியும் யார் தருவது? வாரம் ஒருமுறை சென்னைக்கோ வேலூருக்கோ போய்வர வேண்டுமானால், மிச்சமிருக்கும் நாளில் பாதி பேருந்தில் போய்விடும்.

5. இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது? நம் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனை பார்க்கும்?

6. மருந்து எனக்குப் பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா? மருத்துவரும் அறநெறிக் குழுவும் பரிந்துரைத்தால் இலவசமாகத் தொடர 2019 விதிகளில் இடம் இருக்கிறது. படிவத்தில் அது எழுதியிருக்கிறதா?

7. இந்திய மருந்துச் சோதனைப் பதிவகத்தின் எண் என்ன? 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். எண் இருந்தால் செல்பேசியிலேயே பார்த்துவிடலாம். எண் சொல்ல முடியாதவரிடம் கையெழுத்தும் வேண்டாம்.

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவர் நம்பத் தகுந்தவர். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். எரிச்சல்படுகிறவரிடம் நம் உடம்பை ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளவை. மருந்துச் சோதனையில் சேர்வதால் தொழில்சார் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. சதைப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன், எங்கே எந்த ஆண்டு வேலை பார்த்தோம் என்ற குறிப்பு, கூட வேலை பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். வழக்குக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அழைப்பு எண் 15100.

சம்மதத்துக்கு எப்போது மதிப்பு

முடிவு அந்தத் தகப்பனாருடையது. சேர்ந்தால் அவர் எலி அல்ல. 1956-இல் சென்னையில் சேர்ந்தவர்களைப்போல் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்தவராக இருக்கலாம். சேராமல், மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்தால் அவர் கோழையும் அல்ல, அறியாதவரும் அல்ல. இரண்டும் சரியான முடிவாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது அவர் கையில் இல்லை, அரசின் கையில் இருக்கிறது. சோதனையில் சேர்ந்தால்தான் டாக்டர் முகத்தைப் பார்க்க முடியும், சேராவிட்டால் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லியும் உரிய சிகிச்சை கிடைக்கும் இடத்தில்தான் சரி என்று சொல்வதற்கு மதிப்பு.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் தொழில்சார் நோய்களுக்கென வாரம் ஒருநாளாவது தனிப் பிரிவு வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, கல்குவாரி, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாவற்றிலும் உழைத்தவர்கள் அங்கே வரட்டும். ஆலங்குளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் தேடி அழைத்து நெஞ்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். 1995 தீர்ப்புப்படி உள்ள பதிவுகளை வெளியிட வேண்டும். நெஞ்சில் நீர் கோத்து வருகிறவர்களிடம் 'என்ன வேலை பார்த்தீர்கள்' என்ற கேள்வியை ஆரம்ப சுகாதார நிலையம் முதலே கேட்டு எழுத வேண்டும். காலனி வீடுகளின் ஷீட்டை மாற்றும்போது பாதுகாப்பாகக் கழற்ற ஏற்பாடு வேண்டும். மருந்துச் சோதனைப் படிவங்கள் நம் வீட்டில் பேசும் தமிழில் இருக்க வேண்டும்.

பட்டாசு அறையில் புதிய மருந்துக் கலவை வந்தால் என்ன செய்கிறோம்? அது என்ன, எப்படிப் பற்றும் என்று அனுபவசாலியிடம் கேட்காமல் கை வைப்பதில்லை. கேட்காமல் கை வைத்தவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்துக்கும் அதே பழக்கம் வேண்டும். கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நம் உயிருக்கு நாம் தரும் மரியாதை அது.